ஹைஜீன் ஃபேக்டருக்குத் தமிழ்: குறைதவிர் காரணி சரிவருமா?

வேலூர், வணிகவியல் ஆசிரியர்:

அன்புள்ள குழுவினருக்கு,
வேலையில் மனக்குறை, மனநிறைவு பற்றி அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் சொன்ன இரு காரணிக் கோட்பாட்டுக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறோம். மோட்டிவேட்டருக்கு 'ஊக்கக் காரணி' என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. ஹைஜீன் ஃபேக்டர்தான் இடிக்கிறது. 'சுகாதாரக் காரணி' என்றால் பையன்கள் கழிப்பறை, குப்பைத்தொட்டி என்று விடை எழுதுவார்கள். 'பராமரிப்புக் காரணி' என்றால் மெஷினுக்கு எண்ணெய் விடுவது. வேறு சொல் உண்டா?

ஆம்பூர், ஷூ கம்பெனி மனிதவளப் பிரிவு:

ஐயா, வணக்கம்.
சாக்கடை சுத்தமாக இருந்தால் நோய் வராது. அதற்காக யாருக்கும் கூடுதல் பலம் வந்துவிடாது. அந்தப் பொருளில்தான் ஹெர்ஸ்பெர்க் அந்தச் சொல்லை எடுத்தார். பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்கர்களையும் பேட்டி கண்டு 1959இல் அவர் குழு வெளியிட்ட முடிவு இது: மனக்குறைக்கு வேர் வேறு, மனநிறைவுக்கு வேர் வேறு. முதலாவதைச் சரிசெய்தால் மனக்குறை போகும், நிறைவு வராது. சொல் அதைத் தாங்க வேண்டும். என் பரிந்துரை 'குறைதவிர் காரணி'.

ஷூ கம்பெனியில் சம்பளத் தேதி, கம்பெனி பஸ், பசை தடவும் இடத்தில் எக்ஸாஸ்ட் ஃபேன், கேன்டீன், தீபாவளி போனஸ் எல்லாம் இந்தப் பக்கம். சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். அதைத் தந்தால் யாரும் துள்ளிக் குதிப்பதில்லை. தராவிட்டால் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிடுவார்கள்.

நிர்வாகம் சறுக்குவது வருகை ஊக்கத்தொகையில். (பெயரிலேயே 'ஊக்கம்' இருப்பது வேறு கூத்து.) மாதம் முழுக்க லீவு எடுக்காதவருக்கு 500 ரூபாய் என்று வையுங்கள். நாலைந்து மாதத்தில் அது சம்பளத்தோடு சேர்ந்த பணமாகிவிடும். நிறுத்தினால் சம்பளத்தைக் குறைத்ததாகத்தான் பேச்சு வரும். அதோடு, 5ஆம் தேதி ஒரு நாள் லீவு போட்டவருக்கு அந்த மாதம் இழக்க இனி ஒன்றுமில்லை, ஆகவே இன்னும் இரண்டு நாள் போடுவார். வாரத்துக்கு 125 என்று பிரித்தால் இந்த ஓட்டை ஓரளவு அடையும். ஆனாலும் அது வருகையைத்தான் வாங்கும், தையல் தரத்தை வாங்காது.

தரத்துக்கு வேலையின் உள்ளே கை வைக்க வேண்டும். தையல் லைனில் ரிஜெக்ட் ஆன அப்பர் (ஷூவின் மேல்பகுதி) பெரும்பாலும் சூப்பர்வைசர் கையில் போய், திட்டாகத் திரும்பி வரும். ஒவ்வொரு அப்பர் கட்டின் மேலும் தைத்தவரின் டோக்கன் எண்ணைப் போட்டு, ரிஜெக்டை நேராக அவரிடமே காட்டி, சரிபார்க்கும் பொறுப்பையும் அவரிடமே விட்டால் அது ஊக்கக் காரணி. அதற்குமுன் கழிப்பறையில் தண்ணீர் வர வேண்டும். தண்ணீரே இல்லாத இடத்தில் 'சிறந்த ஆபரேட்டர்' கேடயம் கொடுத்தால் லைன் முழுக்கச் சிரிக்கும்.

குடியாத்தம்:

'குறைதவிர்' என்றதும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கும் குறைதீர்வுக் கூட்டம்தான் நினைவுக்கு வருகிறது. குழம்பாதா? சந்தியில் 'க்' வந்து 'குறைதவிர்க் காரணி' ஆகாதா? சூப்பர்வைசரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

ஆம்பூர்:

'தீர்' குறை வந்த பிறகு, 'தவிர்' வருமுன். புகாரை விசாரிப்பது குறைதீர்வு. புகாருக்கு இடமில்லாமல் ஓவர்டைம் கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவது குறைதவிர். இந்த வேறுபாட்டுக்காகவே அச்சொல்லை வைத்துக்கொள்ளலாம். 'குறைதவிர் காரணி' வினைத்தொகை. ஊறுகாய், சுடுகாடு போல, வல்லினம் மிகாது.

மேற்பார்வையை ஹெர்ஸ்பெர்க் குறைதவிர் பக்கம்தான் வைத்தார், பாராட்டை ஊக்கப் பக்கம். ஒரே சூப்பர்வைசர் இரண்டிலும் வருவார். கத்துவதை நிறுத்தினால் மனக்குறை குறையும், அவ்வளவுதான். நேற்று எந்த அப்பர் கட்டின் தையல் நேராக இருந்தது என்று குறிப்பிட்டுச் சொன்னால்தான் ஊக்கம். தலைமைப் பாணிப் பாடத்தில் இதை இரண்டு வரியாவது சேருங்கள் ஐயா. அதிகாரப் பாணியா, கலந்து பேசும் பாணியா என்ற விவாதத்தில் இது அடிபட்டுப் போகிறது.

வேலூர்:

குறைதவிர் காரணியையே எடுத்துக்கொள்கிறேன். முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'ஹைஜீன் ஃபேக்டர்' என்று பக்கத்தில் போடுகிறேன். அடுத்தது ஜாப் என்ரிச்மென்ட். ஒருவருக்கு ஒரே மாதிரி வேலையை இன்னும் நாலு சேர்ப்பது 'பணி விரிவாக்கம்'. நீங்கள் சொன்ன டோக்கன் ஏற்பாடு அது இல்லை, அதே வேலையில் பொறுப்பைக் கூட்டுவது; அதுதான் ஜாப் என்ரிச்மென்ட். 'பணிச் செறிவாக்கம்' எப்படி?