அப்பாவின் நுரையீரல் முடிச்சு: ஊசியா, பிராங்கோஸ்கோபியா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. வலது நுரையீரலின் ஓரத்தில் 14 மில்லிமீட்டர் முடிச்சு. புற்றா என்று பார்க்கத் திசு மாதிரி எடுக்க வேண்டுமாம். முதுகு வழியே ஊசி செலுத்தினால் நுரையீரலிலிருந்து காற்று கசியலாம் என்கிறார்கள். அதற்குப் பதிலாக மின்காந்த வழிகாட்டலுடன் பிராங்கோஸ்கோபி (மூச்சுக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தும் முறை) செய்யலாமாம். இரண்டு இரவாக எனக்குத் தூக்கமில்லை. யாருக்காவது அனுபவம் உண்டா?

பதில்: அம்மாவுக்குச் செய்தோம். சிடி ஸ்கேனை வைத்து மூச்சுக்குழாய்களின் முப்பரிமாண வரைபடம் தயாரிக்கிறார்கள். படுக்கைக்கு அடியில் காந்தப்புலப் பலகை; குழாயின் நுனி எங்கே நிற்கிறது என்பதைத் திரை காட்டுகிறது. கசிவு ஆபத்து குறைவு, அறவே இல்லை என்றில்லை. அன்று மாலையே அம்மா இட்லி சாப்பிட்டார்.

பதில்: நான் செவிலியர். மூச்சில் நுரையீரல் அசைவதால் முடிச்சு சற்று விலகும், மாதிரி தவறலாம். ‘புற்று இல்லை’ என்று வந்தாலும் தொடர் ஸ்கேனை விடாதீர்கள். பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) இருந்தால் முன்பே சொல்லுங்கள்; காந்தப்புலம் அதைப் பாதிக்கலாம்.

கேட்டவர்: அப்பாவுக்கு பேஸ்மேக்கர் இருக்கிறது! யாரும் கேட்கவே இல்லை. நாளை காலையே மருத்துவரிடம் சொல்கிறேன்.