பூசணி விதையும் புஷ்காஷும்

எல்லோரும் பெரிய மைதானங்களில் பார்த்த கால்பந்து ஆட்டங்களை இங்கே எழுதியிருந்தீர்கள். ரசித்துப் படித்தேன். நான் சொல்லப்போவது சில நூறு பேர் மட்டுமே உட்கார்ந்திருந்த ஆட்டம்.

வேலைக்காக ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் வந்த முதல் குளிர்காலம் அது. ஒரு நாள் சாயங்காலம் ஆல்பர்ட் பார்க் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். லேக்சைடு மைதானத்தில் விளக்குகள் எரிந்தன, கரியில் இறைச்சி வாட்டும் வாசனை வேறு. சரி, என்னவென்று பார்ப்போம் என்று டிக்கெட் வாங்கி உள்ளே போனேன். நீல வெள்ளைச் சட்டையில் ஆடிய அணியின் பெயர் சவுத் மெல்பர்ன் என்று பலகையில் போட்டிருந்தது. கேலரியில் இருந்தவர்களோ "ஹெல்லாஸ்! ஹெல்லாஸ்!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு கிரேக்கப் பெரியவர். கையில் காகிதப் பொட்டலம், அதற்குள் உப்புப் போட்டு வறுத்த பூசணி விதை. முன்பற்களுக்கு நடுவே ஒன்றை நிறுத்தி, ஒரே கடியில் தோலைப் பிளந்து, பருப்பை நாக்கால் இழுத்துக்கொண்டு தோலைத் துப்புவார். கண் மட்டும் பந்தை விட்டு நகராது. அவர் காலடியில் சிமெண்டே தெரியாத அளவுக்குத் தோல். நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டுப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினார். ஹெல்லாஸ் என்றால் என்ன என்று கேட்டேன். "கிரீஸ். அதுதான் எங்கள் பெயர். தொண்ணூறுகளில் எடுக்கச் சொன்னார்கள், எடுத்துவிட்டோம். வாயிலிருந்து எடுக்க முடியுமா?" என்றார்.

1959இல் இரண்டு கிரேக்க அணிகளும் சவுத் மெல்பர்ன் யுனைடெட் என்ற உள்ளூர் அணியும் ஒன்றாகச் சேர்ந்து உருவான கிளப் இது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிரீஸிலிருந்து கப்பலேறி வந்து ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்களுக்கு, வாரத்தில் ஒரு நாள் தங்கள் மொழியை வாய்விட்டுப் பேசக் கிடைத்த இடம். ஆஸ்திரேலியாவின் பழைய தேசிய லீக்கை நான்கு முறை வென்றிருக்கிறார்கள்.

அப்புறம் அவர் புஷ்காஷ் கதைக்கு வந்தார். அதற்காகவே இதை எழுதுகிறேன். உலகமே கொண்டாடிய ஆட்டக்காரர், ஹங்கேரியின் ஃபெரென்ட்ஸ் புஷ்காஷ், ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் கிளப்புக்கு ஆடிய புஷ்காஷ், 1989இல் இந்த அணிக்குப் பயிற்சியாளராக வந்திருக்கிறார்! அறுபது தாண்டிய வயது, பெரிய தொப்பை. அதே தொப்பையோடு பயிற்சியில் இடது காலால் அடித்துக் காட்டுவாராம். பெரியவர் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தன் இடது காலை வீசிக் காட்டினார். புஷ்காஷுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. ஆனால் ஏதென்ஸின் பனதினைகோஸ் அணியை 1971 ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டி வரை கொண்டுபோனவர், கிரேக்கம் பேசுவார். அவரைக் காரில் கூட்டிக்கொண்டு திரிந்து, அவர் சொல்வதை மற்ற ஆட்டக்காரர்களுக்கு மொழிபெயர்த்தவர் அணித்தலைவர் ஆஞ்சே போஸ்டெகோக்லு. ஏதென்ஸில் பிறந்து ஐந்து வயதில் மெல்பர்ன் வந்த பையன். பின்னாளில் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் அணிக்குப் பயிற்சியாளராகி, யூரோப்பா லீக் என்ற ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்த அதே ஆஞ்சேதான். 1991இல் புஷ்காஷின் அணி பெனால்டியில் தேசிய லீக் பட்டத்தை வென்றது.

2000 ஜனவரியில், பயிற்சியாளராகிவிட்ட ஆஞ்சே இந்த அணியை உலக கிளப் போட்டிக்கு பிரேசில் கூட்டிப்போனார். ரியோவின் புகழ்பெற்ற மரக்கானா மைதானத்தில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 2-0 தோல்வி. மூன்று ஆட்டத்திலும் தோல்விதான். ஆனால் வேறு வேலை பார்த்துக்கொண்டே பந்தாடியவர்கள் மரக்கானா புல்லில் நின்றார்கள் என்று சொல்லும்போது பெரியவரின் குரல் கம்மியது.

2005இல் ஆஸ்திரேலியாவின் புதிய தேசிய லீக்கான ஏ-லீக் தொடங்கியபோது இவர்களுக்கு இடமில்லை. குடியேறிகளின் பழைய கிளப்புகள் வெளியே நின்றன. அது அநியாயம் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். கால்பந்தை இந்த நாட்டில் வளர்த்ததில் இவர்கள் பங்கு கொஞ்சமா? 2018இல் மறுபடி கேட்டார்கள், அப்போதும் கிடைக்கவில்லை. மாநில லீக்கில் ஆடிக்கொண்டே இருந்தார்கள்.

பெரியவர் நடுவரை கிரேக்கத்தில் திட்ட, பக்கத்தில் இருந்த பேரன் ஆங்கிலத்தில் "தாத்தா, உட்காருங்கள்" என்றான். அவர் கிரேக்கத்தில் ஏதோ சொல்ல, இவன் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, இரண்டு பேருக்கும் எல்லாம் புரிந்தது. என் வீட்டிலும் தமிழும் ஆங்கிலமும் இப்படித்தான் எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொள்கின்றன. "ஹெல்லாஸ்" என்று கத்தும்போது மட்டும் தாத்தாவும் பேரனும் ஒரே மொழியில் கத்தினார்கள்.

ஆட்டம் முடிந்து கிளம்பும்போது மிச்சமிருந்த விதையை என் கோட்டுப் பையில் கொட்டினார். "அடுத்த ஆட்டத்துக்கு வாருங்கள், மிடில் பார்க் கதை பாக்கி இருக்கிறது" என்றார். கார் பந்தயத்துக்காக இடிக்கப்பட்ட அவர்களுடைய பழைய மைதானம் அது.

போனேன். அந்தக் கதையை நாளை எழுதுகிறேன்.