நோய்ப் பரவலைப் பதிவேட்டில் கண்டுபிடிப்பது: திங்கள்தோறும் பொய் எச்சரிக்கை

கேள்வி:
வெளிநோயாளி, உள்நோயாளி பதிவேடுகளிலிருந்து காய்ச்சல், வயிற்றுப்போக்கு எண்ணிக்கையைத் தினமும் எடுக்கிறோம். முந்தைய 7 நாள் சராசரியோடு 3 திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) கூட்டி, அந்த வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கை. திங்கட்கிழமை வந்தால் போதும், அடிக்கிறது. நிஜமான பரவலையோ பிந்தித்தான் காட்டுகிறது. எண்ணுவது ஐசிடி-10 (சர்வதேச நோய் வகைப்பாடு) குறியீட்டை வைத்து. கோளாறு எங்கே?

பதில் 1:
தாமதத்துக்குக் காரணம் குறியீடுதான். உள்நோயாளிக்கு அது பெரும்பாலும் டிஸ்சார்ஜுக்குப் பிறகே ஏறும். சீட்டுப் போடும்போதே எழுதும் ‘வந்த காரணம்’ பத்தியை எடுங்கள். அதில் தொல்லையும் உண்டு: காய்ச்சல், ஜுரம், பீவர், எழுத்துப்பிழை, போதாக்குறைக்கு ‘காய்ச்சல் இல்லை’ என்ற குறிப்பும் காய்ச்சலாக எண்ணப்படும். சொற்பட்டியல் தயாரித்து, 200 சீட்டுகளையாவது கையால் ஒப்பிட்டுப் பார்த்தபின் ஓட்டுங்கள்.

குறியீட்டைப் பின்னர் உறுதிசெய்ய வைத்துக்கொள்ளலாம். வயிற்றுப்போக்குக்கு ஏ09 (தொற்றால் வருவது) மட்டும் தேடினால் பலர் தப்பிவிடுவார்கள், கே52.9-ஐயும் (தொற்றல்லாதது) சேருங்கள். ஃப்ளூ போன்ற நோய்க்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையே போதும்: 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், கூடவே இருமல், தொடங்கி 10 நாளுக்குள்.

பதில் 2:
திங்கள் சிக்கல் வேறு. சனி, ஞாயிறில் கூட்டம் குறைவு. அந்த எண்களும் கலப்பதால் சராசரி இறங்கி, திங்கள் கூட்டம் பெரிதாகத் தெரிகிறது. வேலை நாளை வேலை நாளோடும் விடுமுறையை விடுமுறையோடும் ஒப்பிடுங்கள். எண்ணிக்கைக்குப் பதில், அன்று வந்த மொத்த நோயாளிகளில் எத்தனை சதவீதம் என்று பாருங்கள்.

நீங்கள் செய்வது, பரவலை முன்கூட்டியே கண்டறியும் இயர்ஸ் (EARS) முறையின் சி1 என்ற வகை. மெல்ல ஏறும் பரவலில் நேற்றைய, முந்தாநாளைய நோயாளிகளே சராசரியை உயர்த்தி வரம்பையும் மேலே தள்ளிவிடுவார்கள். சி2-வில் நடுவே 2 நாள் இடைவெளி விட்டு, அதற்கு முந்தைய 7 நாளை எடுப்பார்கள். அதற்கு மாறுங்கள். அரிதான நோயில் 7 நாளும் பூஜ்யமாக இருந்தால் திட்ட விலக்கமும் பூஜ்யம். ஒரே நோயாளி வந்தாலும் மணி அடிக்கும். குறைந்தது 3 பேர் என்ற நிபந்தனையும் போடுங்கள்.

பதில் 3:
தேதியையும் பாருங்கள். நோய் தொடங்கிய தேதி, வந்த தேதி, பதிவேற்றிய தேதி மூன்றும் தனித்தனிப் பத்தியில் இருக்கவேண்டும். கடைசிச் சில நாட்களில் வரைபடம் எப்போதும் சரிவதுபோல் தெரியும். நோய் குறைந்ததல்ல, பதிவு இன்னும் வந்துசேரவில்லை. தினமும் ஒரு நகல் எடுத்துவைத்தால் எத்தனை நாளில் எவ்வளவு சேர்கிறது என்று தெரியும். இரண்டாம் நாளில் 60% சேருமென்றால், அன்று தெரியும் 30 பேரை 50 என்று கொள்ளலாம். மறுபரிசோதனைக்கு வந்தவரை இரண்டாவது நோயாளியாக எண்ணாதீர்கள்.

கேட்டவர்:
நகல் எடுக்கவில்லை. பழைய பதிவின் மேலேயே புதியது எழுதப்படுகிறது.

பதில் 3:
தரவுத்தளத்தில் ஒவ்வொரு வரியும் உருவான நேரம் பதிவாகிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதிலிருந்தே பின்னோக்கிக் கணக்கிடலாம். இல்லையென்றால் இன்றிரவிலிருந்து நகல் எடுக்கத் தொடங்குங்கள்.