மறு: ஃபார்மகோஜெனடிக் சோதனைக்குத் தமிழ்ச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது. அதனால் வந்த மடல்களுக்கெல்லாம் சேர்த்தே எழுதுகிறேன். இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: சிங்கப்பூரில் மனநல மருந்து எடுப்பவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்குமான கையேடு இது. மருந்தைத் தொடங்குமுன் எச்சிலோ ரத்தமோ எடுத்து, எந்த மருந்து எவ்வளவு என்று மருத்துவர் முடிவுசெய்ய உதவும் மரபணுச் சோதனையை விளக்குகிறது. அதன் ஆங்கிலப் பெயர்தான் ஃபார்மகோஜெனடிக் சோதனை, அதற்குத் தலைப்பில் என்ன தமிழ்ச்சொல் போடுவது என்பதே கேள்வி.

> மருந்துமரபணுவியல் என்று ஏற்கனவே இருக்கிறதே, எதற்கு இந்த விவாதம்?

இருக்கிறது, துறையின் பெயராக. 1959இல் ஃபிரீட்ரிஷ் ஃபோகல் ஜெர்மனில் ஒட்டவைத்த சொல்லை நாமும் அதே வரிசையில் ஒட்டவைத்தோம். பாடநூலுக்குச் சரி. ஆனால் மகனுக்கு முதல்முறையாக மாத்திரை எழுதிக்கொடுத்த அன்று ஒரு அம்மா 'மருந்துமரபணுச் சோதனை' என்று படித்தால் கண் மரபணுவில்தான் போய் நிற்கும். நம் குடும்பத்திலேயே இந்த நோய் ஓடுகிறதா என்று பார்க்கப்போகிறார்களா, தங்கச்சி கல்யாணம் என்ன ஆகும் என்றுதான் மனசு போகும். இந்தச் சோதனை நோயைப் பற்றியதே இல்லை. பெரும்பாலும் அது பார்ப்பது சிஒய்பி2டி6, சிஒய்பி2சி19 என்ற கல்லீரல் நொதிகள் மருந்தை எவ்வளவு வேகமாக உடைக்கின்றன என்பதைத்தான். யாழ்ப்பாணத்து நண்பர் சொன்ன 'பரம்பரையலகு' இலங்கைப் பாடநூல்களில் ஊன்றி நின்ற சொல், எனக்கும் பிடிக்கும். இந்தக் கையேட்டில் மட்டும் 'பரம்பரை' வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். இன்னொன்று, 'மருந்துமரபணு' என்பதை இருபெயரொட்டாக விரித்தால் 'மருந்தாகிய மரபணு' என்றாகிவிடும். மரபணு சிகிச்சை என்று நினைத்துவிடுவார்கள்.

> மருந்தேற்பு, மருந்திசைவு, மருந்தொப்பு: மூன்றும் புணர்ச்சியில் பிழையற்றவை.

புணர்ச்சியில் பிழையில்லை ஐயா, பொருளில்தான் இடிக்கிறது. மனநலப் பிரிவில் 'மருந்தை ஏற்கவில்லை' என்றால் மாத்திரை சாப்பிட மறுக்கிறார் என்று பொருள். இசைவு, ஒப்பு இரண்டும் கையெழுத்து வாங்கும் படிவத்தின் சொற்கள், அந்தப் படிவம் இதே கையேட்டின் கடைசிப் பக்கத்தில் வருகிறது.

அப்புறம் ஐயாவின் 'உற்றளவு'. "உற்றான் அளவும் பிணியளவும் காலமும் கற்றான் கருதிச் செயல்" என்ற குறளிலிருந்து எடுத்தது. நோயின் அளவு வேறு, நோயுற்றவரின் அளவு வேறு என்று வள்ளுவர் பிரித்துவைத்ததுதான் இந்தச் சோதனையின் அடிப்படையே. உற்றான் ஆண்பால் என்ற குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை, 'உற்றளவு' என்று சுருக்கும்போது பாலே போய்விடுகிறது. ஆனால் உரை இல்லாமல் யாருக்குப் புரியும்? அதைவிட என்னை இழுத்தது "அருந்தியது அற்றது போற்றி உணின்" என்பதில் உள்ள 'அறுதல்'. உண்டது செரித்து முடிவது அது. மெட்டபாலிசத்துக்கு வளர்சிதைமாற்றம் என்று ஒரு ரயில்வண்டியையே ஓட்டுகிறோமே, 'மருந்தறல்' போதாதா என்று நிறைய யோசித்தேன். சங்கப் பாட்டில் அறல் ஆற்றின் கருமணல் நெளிவு, கூந்தலுக்கு உவமை. அந்த அறலும் இந்த அறலும் ஒரே வேரா என்று நம் சொற்பிறப்பு அன்பர்கள் தனி இழையில் எழுதினால் ஆவலோடு படிப்பேன். கையேட்டுக்கு ஆகாது. 'செரிவு' என்று போட்டாலும் ஒரு எழுத்து தவறினால் 'மருந்துச் செறிவு', அது ரத்தத்தில் மருந்தின் அளவு. லித்தியம் எடுப்பவர்களுக்கு அந்தச் சோதனை தனியாகவே உண்டு, இரண்டும் குழம்பக் கூடாது.

மருந்தாளுநர் அக்கா எழுப்பிய தடை வலுவானது. வலிப்புக்கும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கும் தரும் கார்பமாசெபின் கொடுக்குமுன் பார்க்கும் எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை, செரிப்பு சம்பந்தப்பட்டதே அல்ல. அது நோயெதிர்ப்பு தொடர்பானது. அந்த வகை இருந்தால் தோல் கொப்பளித்து உரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆசிய வம்சாவளியினருக்கு அந்த மருந்தைப் புதிதாகத் தொடங்குமுன் இதைப் பார்ப்பது சிங்கப்பூரில் 2013இலிருந்தே வழக்கமான நடைமுறை. ஆகவே 'செரிப்பு' தலைப்பில் இருக்க முடியாது, உள்ளே மட்டும் வரும்.

மிஞ்சியது 'மருந்துப் பொருத்தச் சோதனை'. பெரும்பான்மை இதன் பக்கம். ஜாதக வாடை அடிக்கிறது என்று தூயதமிழ் அணி சொன்னது, எனக்கு அந்த வாடை பிரச்சினை இல்லை, பொருத்தம் என்றால் பாட்டிக்கும் புரியும். என் தயக்கம் வேறு. பொருத்தம் பார்த்துச் சொன்னால் பலித்துவிடும் என்ற எதிர்பார்ப்பு அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. 2018இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, இன்ன மனச்சோர்வு மருந்து உங்களுக்கு வேலைசெய்யும் என்று கணித்துச் சொல்வதாக விற்கப்பட்ட சோதனைகளைப் பற்றி எச்சரித்தது. 2022இல் வெளியான, மனச்சோர்வுள்ள 1,944 முன்னாள் படைவீரர்களைக் கொண்ட ஆய்வில், சோதனை முடிவைப் பார்த்து மருந்து தந்த குழுவிலும் பார்க்காமல் தந்த குழுவிலும் குணமடைந்தவர்களின் அளவு 24ஆம் வாரத்தில் குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடவில்லை. உதவி இல்லாமல் இல்லை. சிட்டாலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்தை மிக மெதுவாக உடைப்பவருக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உறுதியான, பயனுள்ள செய்தி. ஆனால் அது எச்சரிக்கை, வாக்குறுதி அல்ல. ஆறு வாரம் மாத்திரை போட்டும் மாற்றம் தெரியாதவர் 'பொருத்தம் பார்த்துத்தானே கொடுத்தார்கள்' என்று மருந்தையே நிறுத்திவிட்டால் என்ன செய்வது?

இதற்கு மேல் நல்ல சொல் யாரிடமும் இல்லை என்பதால் தலைப்பில் 'மருந்துப் பொருத்தச் சோதனை' என்றே போடுகிறேன். 'மரபணு'வை ஒளிக்கவும் முடியாது, தெரியாமல் யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. எனவே முதல் வரி இப்படி: "இது உங்கள் நோயைக் கண்டறியும் சோதனை அல்ல, சில மருந்துகளை உங்கள் உடல் எப்படிக் கையாளும் என்பதை, அதற்கான சில மரபணுக்களைப் பார்த்து அறியும் சோதனை." என் மாற்றுக்கருத்தைக் குழுவின் சொற்பட்டியலில் குறித்துவைக்கவும்.

மருந்தை மிக மெதுவாக உடைப்பவரை ஆங்கிலத்தில் 'புவர் மெட்டபொலைசர்' என்பார்கள், அதற்கு வந்த 'குறைச்செரிப்பர்', 'வலுவிலிச் செரிப்பர்' இரண்டையும் விட்டுவிட்டேன், நோயாளியைக் குறைசொல்வது போல இருக்கிறது. 'மெதுவாகச் செரிப்பவர்' போதும். அதற்கு நேர்மாறாக மிக வேகமாக உடைப்பவரைக் குறிக்கும் 'அல்ட்ரா ராபிட்' மட்டும் பாக்கி. 'அதிவிரைவு' பேருந்து போல ஒலிக்கிறது என்று எங்கள் மெய்ப்புப் பார்ப்பவர் பிடிவாதமாக இருக்கிறார். வியாழன் இரவுக்குள் யாராவது சொல்லுங்கள், இல்லையென்றால் 'மிக வேகமாகச் செரிப்பவர்' என்று போட்டு அனுப்பிவிடுவேன்.

அன்புடன்,
கையேட்டு மொழிபெயர்ப்பாளர்