புதுப்பிப்பு: கண்டாங்கி சேலை போட்டோ திருட்டு, தூக்கியாச்சு

போன மாசம் கேட்டிருந்தேன், காரைக்குடியில நாங்க நெய்யுற கண்டாங்கி சேலைய எங்க வளவுத் தூண்ல போட்டு எடுத்த 14 போட்டோவ ஒரு கடை அப்படியே ஆன்லைன்ல போட்டு பவர்லூம் சேலை விக்கிதுன்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

வேலைக்கு ஆனது பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் பிரிவு 52(1)(சி), அதோட 2013 விதிகள்ல விதி 75ன்னு ஒரு அண்ணன் சொன்ன வழிதான். அதுல தளத்துக்கு எழுத்துல புகார் குடுத்தா 36 மணி நேரத்துல அவங்க முடக்கணும், பதிவு சான்றிதழ் தேவையில்ல. ரெண்டாம் நாளே எடுத்துட்டாங்க.

எதிர்பாக்காதது, போட்டோ எடுத்தது மாமா பையன், காசு வாங்காம எடுத்தான், அதனால சட்டப்படி உரிமை அவனோடதுதான், எனக்கில்லன்னு வக்கீல் சொன்னப்ப தூக்கிவாரிப் போட்டுச்சு. காசு குடுத்து எடுக்கச் சொல்லியிருந்தா எனக்கு வந்திருக்குமாம். அவன்கிட்ட உரிமைய எனக்கு மாத்தித் தர்றதா கையெழுத்தோட எழுதி வாங்கினோம், அதுல காலம் குறிப்பிடலைன்னா 5 வருஷம்னுதான் எடுத்துக்குவாங்க, மறக்காம எழுதிருங்க.

இன்னொன்னு, 21 நாளைக்குள்ள கேஸ் போட்டு கோர்ட் உத்தரவு தர்றேன்னு புகார்லயே உறுதிமொழி குடுக்கணும், உத்தரவு வரலைன்னா தளம் திரும்ப போட்டுக்கலாம். மனுவ தயாரா வச்சிருந்தோம், அதுக்குள்ள ஒன்பதாம் நாள் கடைக்காரரே இனி போடமாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டாரு.

புவிசார் குறியீடு (இந்த ஊருக்கே உரிய பொருள்னு தர்ற பதிவு) 2019லயே கண்டாங்கிக்கு கிடைச்சிருச்சு, ஆனா அதை வச்சு நாங்களே வழக்கு போட அங்கீகரிக்கப்பட்ட பயனாளரா பதிஞ்சிருக்கணும், நாங்க பதியல. இப்ப சென்னை கிண்டியில இருக்குற புவிசார் குறியீடு பதிவகத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கிட்டிருக்கேன், தறி போடுற எல்லாரும் பதியுங்க தயவுசெஞ்சு.