கரியமில வாயுவைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கு எது முட்டுக்கட்டை?

வகுப்பறை ஜன்னல் கேட்டது:

பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "பாக்டீரியா இருபது நிமிஷத்துல ரெண்டாகும்னு சொல்றீங்க. கரியமில வாயுவைத் தின்கிற பாக்டீரியாவும் இருக்கு. அப்போ அனல்மின் நிலையத்துப் புகையை ஒரு பெரிய தொட்டிக்குள்ள விட்டா போதாதா சார்?"

அதற்கு ஆற்றல் வேண்டும் என்று சொன்னேன். அது சரிதான், ஆனால் அவளுக்குப் போதவில்லை. உண்மையில் எங்கே மாட்டுகிறது? நொதியிலா, வெளிச்சத்திலா, வேறெங்காவதா? எண்களோடு சொன்னால் அவளிடம் அப்படியே கொண்டுபோவேன்.

பாசிக்குடுவை எழுதியது:

அந்தப் பெண் கேட்டதற்குள் இரண்டு வேறு பாக்டீரியாக்கள் இருக்கின்றன சார். இருபது நிமிடத்தில் இரட்டிப்பது சத்தான ஊடகத்தில் வளரும் ஈ. கோலை. யாரோ கட்டிவைத்த கார்பனை அது எடுத்துக்கொள்கிறது. நான் ஆய்வகத்தில் வளர்ப்பது சினெகோசிஸ்டிஸ் என்ற சயனோபாக்டீரியா, அதாவது தாவரம்போல ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. கார்பனை ஒவ்வொன்றாகத் தானே பிடித்துக் கட்ட வேண்டும் என்பதால் அது இரட்டிக்கக் கிட்டத்தட்ட அரை நாள்கூட ஆகும்.

பிடிக்கும் வேலை ரூபிஸ்கோ நொதியுடையது. தாவர ரூபிஸ்கோ நொடிக்கு ஏறத்தாழ மூன்று மூலக்கூறுகளைப் பிடிக்கும். சயனோபாக்டீரியாவுடையது பத்து வரை. பல நொதிகள் நொடிக்கு ஆயிரக்கணக்கில் வேலை செய்யும்போது இது மிகவும் மெதுவான வேகம். போதாக்குறைக்கு ஆக்சிஜனையும் பிடித்துவிடுகிறது. அப்படி நேர்ந்தால் உருவாகும் கழிவைச் சரிசெய்ய ஏற்கெனவே கட்டிய கார்பனில் ஒரு பங்கை இழக்க வேண்டும். காற்றோடு சமநிலையில் இருக்கும் 25 டிகிரி நீரில் லிட்டருக்குச் சுமார் 14 மைக்ரோமோல் கரியமில வாயுதான் கரைந்திருக்கும். ஆக்சிஜனோ சுமார் 250. சயனோபாக்டீரியாவின் ரூபிஸ்கோ பாதி வேகத்தில் ஓடவே 150க்கு மேல் கரியமில வாயு வேண்டும். இந்த நொதி தோன்றிய காலத்தில் காற்றில் ஆக்சிஜன் இல்லை. அது பெருகியது சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான், அதுவும் இதே சயனோபாக்டீரியாக்களால்.

இந்தச் சிக்கலுக்கு அவை கண்ட வழி கார்பாக்சிசோம். எனக்கு இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் அலுக்காது. செல் தன் சவ்விலுள்ள பம்புகளால் பைகார்பனேட்டை, அதாவது கரியமில வாயு நீரில் எடுக்கும் அயனி வடிவத்தை, உள்ளே இழுத்துச் சேர்க்கிறது. மின்னூட்டம் கொண்டது என்பதால் அது சவ்வு வழியே எளிதில் கசியாது. பின்பு அது புரத ஓடுகொண்ட ஒரு பன்முகக் கூட்டுக்குள் போகிறது. அந்தக் கூட்டுக்குள் ரூபிஸ்கோ நெருக்கமாக அடைந்திருக்கும், கூடவே கார்பானிக் அன்ஹைட்ரேஸும். இந்த நொதி பைகார்பனேட்டை அங்கேயே கரியமில வாயுவாக மாற்ற, ரூபிஸ்கோவைச் சுற்றிச் செறிவு பல மடங்கு உயர்கிறது.

ஒரு நொதி இருக்கும் இடம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. 1989இல் ப்ரைஸ், பேட்ஜர் இருவரும் மனிதனின் கார்பானிக் அன்ஹைட்ரேஸை ஒரு சயனோபாக்டீரியாவின் கூட்டுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் உருவாகச் செய்தார்கள். பைகார்பனேட் கூட்டை எட்டும் முன்பே வாயுவாகி வெளியே கசிந்தது. அந்தச் செல்களால் சாதாரணக் காற்றில் வளர முடியவில்லை. செறிவான கரியமில வாயு தேவைப்பட்டது. இதை உங்கள் மாணவியிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆனால் அவள் கேட்டது புகையைப் பற்றி. நிலக்கரிப் புகையில் கரியமில வாயு 10 முதல் 15 சதவீதம். அங்கே பற்றாக்குறை வாயுவில் இல்லை, வெளிச்சத்தில்தான். வளர்ப்பு அடர்த்தியானதும் மேலே உள்ள சில சென்டிமீட்டர் ஒளியைக் குடித்துவிடும், கீழே இருட்டு. ஆகவே தொட்டியை ஆழப்படுத்திப் பயனில்லை, பரப்புதான் கணக்கு. திறந்த குளத்தில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 20 கிராம் உலர்எடை என்பது நல்ல விளைச்சல். எடையில் பாதி கார்பன் என்று வைத்தால் சுமார் 37 கிராம் கரியமில வாயு. யூனிட்டுக்கு 0.9 கிலோ வெளியிடும் 500 மெகாவாட் நிலையம் முழுத் திறனில் ஓடினால் நாளுக்குச் சுமார் 10,800 டன். வகுத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட 290 சதுர கிலோமீட்டர் குளம். இரவில் புகை வந்துகொண்டே இருக்கும், பிடிப்பு நின்றுவிடும்.

நொதிகலன் எழுதியது:

வெளிச்சமே வேண்டாத பாக்டீரியாக்களும் உண்டு. நான் பார்ப்பது வாயு நொதித்தல். அசிட்டோஜென் பாக்டீரியாக்கள் வுட்-யுங்டால் பாதையில் ஹைட்ரஜனிலிருந்தோ கார்பன் மோனாக்சைடிலிருந்தோ எலக்ட்ரான் எடுத்துக் கரியமில வாயுவை அசிட்டேட்டாக மாற்றும். ரூபிஸ்கோ இல்லை. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியின் செலவும் மிகக் குறைவு, ஆனால் பாக்டீரியாவுக்குக் கிடைக்கும் ஆற்றல் லாபமும் மிகக் குறைவு. இதன் முக்கிய நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும், எனவே புகையை அப்படியே விடமுடியாது.

எங்கள் தலைவலி ஹைட்ரஜன் நீரில் கரையாமைதான். ஒரு வளிமண்டல அழுத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 1.6 மில்லிகிராம், அவ்வளவே. பாக்டீரியா பசியோடு காத்திருக்கும், வாயு குமிழியை விட்டு வராது. அழுத்தம், கலக்கி, நுண்குமிழி என்று எதைக் கூட்டினாலும் மின்சாரம் செலவாகும். அதோடு அந்த ஹைட்ரஜனை எப்படித் தயாரித்தோம் என்பதும் முக்கியம். இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தால் அங்கேயே கரியமில வாயு வெளியாகிவிடும். 2018இல் சீனாவில் ஒரு எஃகு ஆலையின் வாயுவிலிருந்து எத்தனால் தயாரிக்கும் ஆலை வணிகரீதியாக ஓடத் தொடங்கியது. அங்கே கார்பனும் ஆற்றலும் பெரும்பாலும் வாயுவிலிருந்த கார்பன் மோனாக்சைடிலிருந்தே கிடைக்கின்றன.

வகுப்பறை ஜன்னல் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அடுத்த கேள்வியும் அவளுடையதாகத்தான் இருக்கும்: ரூபிஸ்கோவைத் தூக்கிவிட்டு வேகமான நொதியைப் போட முடியாதா? வகுப்பில் செய்துகாட்ட ஏதாவது உண்டா?

பாசிக்குடுவை எழுதியது:

முயன்றிருக்கிறார்கள். 2016இல் ஜெர்மனியில் டோபியாஸ் எர்ப் குழு ஒன்பது உயிரினங்களிலிருந்து எடுத்த 17 நொதிகளைக் கோத்து, ரூபிஸ்கோ இல்லாத செட்ச் சுழற்சியைச் சோதனைக்குழாயில் ஓட்டிக் காட்டியது. உயிருள்ள செல்லுக்குள் அதை வைப்பது தனிப் போராட்டம். 2019இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ரான் மிலோ குழு ஈ. கோலைக்கே கால்வின் சுழற்சியை (ரூபிஸ்கோவைக் கொண்டு கார்பனைக் கட்டும் வினைத்தொடரை) கொடுத்து, சர்க்கரையில்லாமல் வாழப் பழக்கியது. இருபது நிமிடத்தில் இரட்டித்த அதே பாக்டீரியாவுக்கு அப்போது 18 மணி நேரம் ஆனது. வளர்த்தது 10 சதவீதக் கரியமில வாயுவில்; ஆற்றலுக்கு ஃபார்மேட் (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு). அந்த ஃபார்மேட் எரிந்து வெளிவந்த வாயு, பிடித்ததைவிட அதிகம். கால்வின் சுழற்சியில் மூன்று கரியமில வாயுவைக் கட்ட 9 ஏடிபியும், எலக்ட்ரான் சுமக்கும் என்ஏடிபிஹெச் 6-உம் வேண்டும். நொதியை மாற்றினால் இந்தச் செலவு குறையலாம், இல்லாமல் போகாது. எனவே நீங்கள் முதலில் சொன்ன பதில் சரிதான் சார், அதற்குப் பின்னால் இந்த எண்களைச் சேர்த்தால் போதும்.

வகுப்புக்கு: கிரெசால் சிவப்பும் தைமால் நீலமும் கலந்த பைகார்பனேட் நிறங்காட்டி செய்துகொள்ளுங்கள். பாசியை அதில் நேரடியாகக் கலந்தால் பச்சையில் நிறம் தெரியாது. சோடியம் ஆல்ஜினேட்டில் கலந்து கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட்டு மணிகளாக்குங்கள். மூடிய குப்பிகளில் ஒன்றை விளக்கருகிலும் இன்னொன்றைக் கறுப்புத்தாள் சுற்றியும் வையுங்கள். வெளிச்சத்தில் இருப்பது சிவப்பிலிருந்து ஊதாவுக்குப் போகும், இருட்டில் இருப்பது மஞ்சள் பக்கம் திரும்பும். விளக்கின் தூரத்தை மாற்றி மாற்றி வைத்தால் வெளிச்சம் எவ்வளவு கட்டுப்படுத்துகிறது என்பதை அவளே வரைபடமாகப் போட்டுவிடுவாள். பாசியே இல்லாத மணிகள் போட்ட ஒரு குப்பியும் பக்கத்தில் இருக்கட்டும்.