அணைத்தால் மறுபடி எழாத எஸ்எம்பிஎஸ்: பழைய ஒர்க்ஸ்டேஷன் அனுபவங்கள்

1990களின் நடுவில் வந்த ஒரு சன் ஸ்பார்க்ஸ்டேஷன் (சன் கம்பெனியின் ஒர்க்ஸ்டேஷன் கம்ப்யூட்டர்) சமீபத்தில் என்னிடம் வந்தது. கொடுத்தவர் சொன்னது இவ்வளவுதான்: "வருஷக்கணக்கா நிக்காம ஓடுச்சு சார். ஒருநாள் கரன்ட் போய் வந்துச்சு, அப்புறம் ஆன் ஆகவே இல்ல." பாதி விடை இந்தப் பேச்சிலேயே இருக்கிறது.

அந்தக் காலத்து எஸ்எம்பிஎஸ், அதாவது ஸ்விட்சிங் முறையில் இயங்கும் பவர் சப்ளைகள் பலவற்றில் 3842 வகை கன்ட்ரோல் ஐசி இருக்கும். சுமார் 16 வோல்ட் கிடைத்தால்தான் அது வேலையைத் தொடங்கும். தொடங்கிய பின் 10 வோல்ட் வரை இறங்கினாலும் தாக்குப்பிடிக்கும். அந்த முதல் 16 வோல்ட்டைச் சேர்த்துத் தருவது ஒரு சின்ன எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர். மெயின்ஸ் பக்கமிருந்து பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டர் வழியாக மெல்ல நிரம்பும். ஐசி ஓட ஆரம்பித்ததும் டிரான்ஸ்ஃபார்மரின் துணை வைண்டிங் அதற்குத் தீனி போட ஆரம்பித்துவிடும். அதனால் கெப்பாசிட்டர் காய்ந்துபோனாலும், ஓடுகிற மெஷினில் ஒன்றும் தெரியாது. ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் குட்டு வெளிப்படும். டிக், டிக் என்று முயன்று முயன்று விழும், இல்லையென்றால் சத்தமே இருக்காது.

பலரும் முதலில் பெரிய கெப்பாசிட்டர்களைத்தான் சந்தேகப்படுகிறார்கள். எனக்கு வந்ததில் அவை நன்றாகவே இருந்தன. ஹீட் சிங்க்கை ஒட்டி நின்ற 47 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் பொடியன்தான் போயிருந்தது. தலை உப்பவில்லை. பிளாஸ்டிக் உறை மட்டும் சுருங்கி, விளிம்பில் அலுமினியம் தெரிந்தது. காலைச் சுற்றி போர்டு பழுப்பேறியிருந்தது. சால்டரிங் அயர்ன் பட்டதும் மீன் வாடை. எலக்ட்ரோலைட் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். கெப்பாசிட்டன்ஸ் மீட்டர் முக்கால்வாசி மதிப்பைக் காட்டியது. அதை மட்டும் பார்த்தால் 'பரவாயில்லை' என்றுதான் தோன்றும். கெப்பாசிட்டரின் உள் ரெசிஸ்டன்ஸை அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டரில் 20 ஓமுக்கு மேல் வந்தது. புதியதில் 1 ஓம்கூட வராது. 105 டிகிரி தாங்கும் நல்ல சரக்காக வாங்கிப் போடுங்கள். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அதனால் திணறுகிற ஃபேனையும் சேர்த்தே மாற்றிவிட்டேன்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 230 வோல்ட் லைனில் மெயின் கெப்பாசிட்டர் பக்கம் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும். ஓடுகிற சப்ளையை அணைத்தால் லோடு அதை உறிஞ்சிவிடும். செத்த சப்ளையில் உறிஞ்ச ஆள் இல்லை, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வெகுநேரம் அப்படியே இருக்கும். 10 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டரை இன்சுலேட் செய்த கிளிப்பில் மாட்டி இறக்குங்கள், பிறகு மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டே கை வையுங்கள். ஸ்க்ரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

சரி செய்ததும் நேராக மதர்போர்டில் மாட்டிவிடாதீர்கள். சப்ளைக்கு மாற்று தேடிப் பிடித்துவிடலாம், அந்த போர்டுக்கு எங்கே போவது? முதலில் சீரீஸ் லேம்ப் (மெயின்ஸ் லைனில் தொடராக மாட்டிய குண்டு பல்பு) வழியாகக் கொடுத்துப் பாருங்கள். பிறகு 5 வோல்ட் அவுட்புட்டில் 1 ஓம், 50 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டரை லோடாக மாட்டுங்கள். 5 ஆம்பியர் இழுக்கும், நன்றாகச் சுடும். அந்த லோடில் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே நின்றால்தான் அடுத்த வேலை. ஆஸிலாஸ்கோப் இருந்தால் ரிப்பிளையும் (டிசி மேல் ஏறி நிற்கும் அலையையும்) பார்த்துவிடுங்கள், மல்டிமீட்டரில் அது தெரியாது.

*

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்தேன், என் அனுபவம் வேறு மாதிரி. பீரோ மேலே கிடந்த பழைய ஒர்க்ஸ்டேஷனை எடுத்து பிளக் மட்டும்தான் சொருகினேன். ஸ்விட்ச் ஆஃபில்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் படார் என்று ஒரு சத்தம், அறை முழுக்க வெள்ளைப் புகை. இரண்டு நாள் நாற்றம் போகவில்லை. திறந்து பார்த்தால் ஃபியூஸ்கூட போகவில்லை. எதனால் இப்படி?

*

தம்பி, அது லைன் ஃபில்டரில் (மெயின்ஸ் இரைச்சலை வடிகட்டும் பகுதியில்) இருக்கும் எக்ஸ் கெப்பாசிட்டர். பல சப்ளைகளில் ஸ்விட்சுக்கு முன்னாலேயே இருக்கும், அதனால் பிளக் சொருகினாலே அதற்குக் கரன்ட் போய்விடும். மஞ்சள் கலந்த பழுப்பில், உள்ளே தெரிகிற உறையோடு இருந்ததா? பேப்பர் வகை அது. உறையில் மயிரிழை விரிசல் விழுந்து ஈரம் உள்ளே போயிருக்கும். எக்ஸ்2 என்று அச்சிட்ட பாலிப்ரொப்பிலீன் வகை, 275 வோல்ட் ஏசி அல்லது அதற்கு மேல், அதே மைக்ரோஃபாரடில் போடு. கால் இடைவெளி அளந்துகொண்டு கடைக்குப் போ. நல்லவேளை, மற்றதெல்லாம் பெரும்பாலும் தப்பித்திருக்கும்.

உன்னுடையது ஸ்பார்க்ஸ்டேஷன் என்றால், எழுந்ததும் ஐடிபிராம் (மெஷினின் அடையாள விவரங்கள் இருக்கும் மெமரி) சரியில்லை என்று திட்டும், பயப்படாதே. கடிகார சிப்புக்குள்ளேயே இருக்கிற லித்தியம் பேட்டரி தீர்ந்திருக்கும். பேட்டரி இன்னும் உயிரோடு இருந்தால், மெஷின் 'ஓகே' என்று காட்டிக் கட்டளைக்குக் காத்திருக்கும் ஓகே பிராம்ப்ட்டில் 'பேனர்' (banner) என்று அடித்து, 8:0:20 என்று தொடங்கும் ஈதர்நெட் முகவரியையும் ஹோஸ்ட் ஐடியையும் முதலில் எழுதி வைத்துக்கொள். சிப்பை மாற்றும்போது இரண்டையும் கையால் ஏற்ற வேண்டிவரும்.